பியானோ மேதைகளும் நம் தைக்காட்டு இசைக் கல்லூரியும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் என்று நம்மவர்கள் வாழும் தெருக்களில் மாலை நேரத்தில் சரளி வரிசை கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு நாதமும் சேர்ந்து கேட்கிறது. நம் பிள்ளைகள் சிலர் பியானோவும் கீபோர்டும் கற்கிறார்கள். லண்டன் நிறுவனங்கள் நடத்தும் கிரேடுத் தேர்வுகளை எழுதிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான்.

அப்படி ஐந்தாம் கிரேடு முடித்த ஒரு பெண்ணின் தந்தை, "சார், உலகத்தில் பெரிய பியானோ வித்வான்கள் எல்லாரும் எங்கேதான் படிக்கிறார்கள்? அங்கே பிள்ளையை அனுப்ப என்ன வழி?" என்று என்னிடம் கேட்டார். நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடகன் அல்லன், பாட்டுக் கேட்பவன். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. வேறு சில பெற்றோர் மனத்திலும் இது இருக்கும் என்பதால், படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அநாதைப் பிள்ளைகளின் பள்ளி

மேல்நாட்டுச் சங்கீதத்தை முழுநேரமாகக் கற்பிக்கும் கல்லூரிக்குக் 'கன்சர்வேட்டரி' என்று பெயர். இத்தாலிய மொழியில் இதற்குக் 'காக்கும் இடம்' என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளைக் காத்து வளர்த்த விடுதிகளின் பெயர் அது. அந்தப் பிள்ளைகள் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே என்று அங்கே சங்கீதம் கற்பித்தார்கள். நாளடைவில் அந்த விடுதிகள் இசைப் பள்ளிகளாகவே ஆகிவிட்டன. இன்று பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இடம் கிடைக்காதா என்று காத்து நிற்கும் கல்லூரிகளின் மூலம் இதுதான்.

1795-இல் பாரிஸ் நகரத்தில் அரசாங்கமே ஒரு கன்சர்வேட்டரியைத் தொடங்கியது. பின்னர் லண்டனில் ராயல் அகாடமி 1822-இலும், ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மெண்டல்சன் தொடங்கிய கல்லூரி 1843-இலும் வந்தன. ரஷ்யாவில் அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு கல்லூரி கண்டார்கள். அண்ணன் ஆன்டன் ரூபின்ஸ்டைன் 1862-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், தம்பி நிக்கொலாய் 1866-இல் மாஸ்கோவிலும் தொடங்கினார்கள். ரஹ்மானினோவ் 1892-இல் மாஸ்கோவில் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்தவர். அமெரிக்காவில் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளிக்கு மூலமான நிறுவனம் 1905-இல் பிறந்தது. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரி 1924-இல் தொடங்கியது. அங்கே 1928 முதல் எந்த மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை.

எங்கே படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு நேரான விடை இந்தப் பட்டியல். ஆனால் பட்டியலை மட்டும் கொடுத்து நிறுத்தினால் அது பாதி விடைதான். ஏனென்றால் கட்டடம் மட்டும் எந்தக் கலைஞனையும் உருவாக்கியதில்லை. 1823-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தந்தை பாரிஸ் கன்சர்வேட்டரிக்கு அழைத்துப் போனார். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று தலைவர் செருபினி மறுத்துவிட்டார். செருபினியே இத்தாலியிலிருந்து வந்தவர் என்பது வேடிக்கை. திருப்பி அனுப்பப்பட்ட அந்தச் சிறுவன்தான் பிரான்ஸ் லிஸ்ட். ஐரோப்பா கண்ட மிகப் பெரிய பியானோ வித்வான்களுள் ஒருவராக வளர்ந்து, 1875-இல் புடாபெஸ்ட் நகரத்தில் ஓர் இசைக் கல்லூரி தோன்றியபோது அதன் தலைவராகவும் ஆனார்.

அங்கேயும் குரு பரம்பரை

கல்லூரி கைவிட்ட லிஸ்டுக்கு வித்தை எங்கிருந்து வந்தது? வியன்னாவில் கார்ல் செர்னி என்ற ஆசிரியரிடமிருந்து. செர்னி யார்? பீத்தோவனின் நேர் சீடர். நம் வீட்டுப் பிள்ளைகள் கை பழகுவதற்காக வாசிக்கும் 'செர்னி' பயிற்சிப் புத்தகம் இருக்கிறதே, அதை எழுதியவர் இவர்தான்.

மேல்நாட்டில் எல்லாம் தாளைப் பார்த்து வாசிப்பது, அங்கே குருகுலம் என்பதே கிடையாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. ஒரு பரம்பரையைப் பாருங்கள். பீத்தோவனின் சீடர் செர்னி. செர்னியின் சீடர் லெஷெடிட்ஸ்கி. அவரிடம் கற்றவர் இசபெல் வெங்கெரோவா என்ற ரஷ்யப் பெண்மணி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்று கர்ட்டிஸ் கல்லூரியில் ஆசிரியை ஆனார். அவர் சீடர் கேரி கிராஃப்மன். கிராஃப்மனிடம் 1997 முதல் கற்றவர் இன்று உலகப் புகழ் பெற்றுள்ள சீனக் கலைஞர் லாங் லாங். பீத்தோவனிலிருந்து எண்ணினால் ஆறாவது தலைமுறை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பீத்தோவன் பிறந்தது 1770. தியாகராஜ சுவாமிகள் பிறந்தது 1767. ஏறக்குறைய ஒரே வயதினர். சுவாமிகளின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் சீடர் மகா வைத்தியநாதையர். அவர் சீடர் உமையாள்புரம் சுவாமிநாதையர். அவர் சீடர் மகாராஜபுரம் விசுவநாதையர். அவர் சீடர் செம்மங்குடி சீனிவாசையர். இதுவும் ஆறாவது தலைமுறை! அந்த ஆறாவது தலைமுறை நம் திருவனந்தபுரத்தில் தைக்காட்டில் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது இதன் சிறு சாயலைப் பார்த்திருக்கிறேன். வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இருந்தார்கள். உருக்கு உலோகத்தின் குணங்களை நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். அந்த ஒலி வேறுபாட்டைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்றவர் சொல்லித் தந்தார். "இப்போது கேள், இப்போது கேள்" என்று அவர் பல தடவை தட்டிக் காட்டிய பிறகே எங்கள் காது திறந்தது. சக்கரத்துக்கே இப்படி என்றால் சங்கீதத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கன்சர்வேட்டரியில் நடப்பது என்ன?

ஒரு பியானோ மாணவர் அங்கே சேர்ந்தால் அவருக்கென்று ஒரு முதன்மை ஆசிரியர் அமைவார். வாரந்தோறும் அவரெதிரில் தனியாக அமர்ந்து வாசித்துத் திருத்தம் பெற வேண்டும். இதுவே படிப்பின் முதுகெலும்பு. இத்துடன் இசை இலக்கணம், இசை வரலாறு, கேட்ட சுரத்தைச் சொல்லவும் எழுதவும் தெரியும் காதுப் பயிற்சி, பாடகருக்கும் வயலினுக்கும் பக்கம் வாசிக்கும் பயிற்சி எல்லாம் உண்டு. வெளியூர் வித்வான்கள் வந்து பலர் முன்னிலையில் ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லித் திருத்துவார்கள். தேர்வு என்பது பெரும்பாலும் மேடையில் முழுக் கச்சேரி. இவை போக, தினம் நான்கு ஐந்து மணி நேரம் தனிச் சாதகம்.

சேருவதற்கு மதிப்பெண் பட்டியல் போதாது. வாசித்துக் காட்ட வேண்டும். பாக் இயற்றிய ஒரு பிரிலூடும் ஃபியூகும், பீத்தோவன் போன்றவரின் முழு சொனாட்டா ஒன்று, ஷோப்பானின் எட்யூட் ஒன்று என்ற விதமாகக் கேட்பார்கள். பெரும்பாலும் மனப்பாடமாகவே வாசிக்க வேண்டும். பதினேழு பதினெட்டு வயதில் அதைச் செய்ய வேண்டுமானால் ஆறு ஏழு வயதில் நல்ல ஆசிரியரிடம் தொடங்கியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் எழுதும் எட்டாம் கிரேடு அந்த வாசற்படி வரை கொண்டுபோய் விடும். அதற்கப்பால் உள்ளே நுழைவது வேறு விஷயம். இதைப் பெற்றோர் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

வசதி இருந்தால்தான் முடியுமா? வியத்நாம் நாட்டின் டாங் தாய் சான் 1958-இல் ஹனோய் நகரத்தில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. இசைப் பள்ளியையே மலைப்பக்கத்துக் கிராமத்துக்கு மாற்றினார்கள். பியானோ கற்பித்த முதல் குரு அவருடைய தாயார். பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரிக்குச் சென்றார். 1980-இல் வார்சா நகரத்து ஷோப்பான் போட்டியில் முதற் பரிசு பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் மனிதர் அவர். 2021-இல் அதே பரிசைப் பெற்ற புரூஸ் லியு அவரிடம் கற்றவர்.

வெளிநாடு போனால்தான் முடியுமா? தென் கொரியாவின் இம் யுன்சான் ஏழு வயதில் தொடங்கி, தன் நாட்டிலேயே கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் சோன் மின்சூ என்ற ஆசிரியரிடம் பயின்றார். 2022-இல் பதினெட்டு வயதில் அமெரிக்காவின் வான் கிளைபர்ன் போட்டியில் வென்றார். அப்போட்டியில் வென்றவர்களில் மிக இளையவர் அவரே. பிறகு ஆசிரியர் பாஸ்டன் நகரத்துக் கல்லூரிக்கு மாறிச் செல்ல, மாணவரும் அவர் பின்னாலேயே போனார். கல்லூரியைத் தேடி அல்ல, குருவைத் தேடி.

நம் நாட்டில்

இந்தியாவில் மேல்நாட்டு இசைக்குப் பழைய பள்ளி கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக், 1915-இல் தொடங்கியது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008-இல் கே. எம். மியூசிக் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற லிடியன் நாதஸ்வரம் என்ற நம் தமிழ்ப் பிள்ளை 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் உலகப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய தலைமுறையில் இளையராஜா மேல்நாட்டு இசை கற்றது ஒரு பெரிய கட்டடத்தில் அன்று. தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரின் சிறிய அறையில்.

தைக்காட்டில் நம் கன்சர்வேட்டரி

இனி நம் ஊருக்கு வருவோம். பியானோவுக்கு மாஸ்கோவும் பிலடெல்பியாவும் எப்படியோ, அப்படிக் கர்நாடக இசைக்கு ஒரு கல்லூரி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் மியூசிக் அகாடமி என்று தொடங்கி, 1962-இல் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி என்று பெயர் பெற்ற தைக்காட்டுக் கல்லூரிதான் அது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நடனம் ஆகியவற்றை அரசாங்கக் கல்லூரிக் கட்டணத்தில் அங்கே கற்கலாம்.

முதல் முதல்வர் யார் என்பது நம்மவர்கள் நினைவில் இருக்க வேண்டிய செய்தி. திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூரைச் சேர்ந்த, 1877-இல் பிறந்த முத்தையா பாகவதர் அவர். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகள் பல வழக்கொழிந்து போகும் நிலையில் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்து மீண்டும் பாட வைத்த பணியில் முத்தையா பாகவதருக்குப் பெரும் பங்கு உண்டு. 1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அவருக்குப் பின் செம்மங்குடி பொறுப்பேற்று 1963 வரை இருந்தார். அடுத்து 1964-இல் ஜி. என். பாலசுப்பிரமணியம் வந்தார், மறு ஆண்டே காலமாகிவிட்டார். இந்த மூவரும் தமிழ் மண்ணிலிருந்து வந்தவர்கள். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த தமிழர்கள் இங்கே விட்டுச் சென்ற செல்வங்களில் இது தலையாயது என்பேன்.

இந்தக் கல்லூரியில் கால் வைத்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பிறந்தவர். முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியிடமும் கற்றுக் கானபூஷணம், கானபிரவீணா இரண்டு தேர்வுகளிலும் முதலிடம் பெற்றார். மேடை ஏறிப் பாடுவது பெண்களுக்கு அரிதாக இருந்த காலம் அது. பருத்திக்குன்று என்று பொருள்படும் காட்டன் ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியையாகத் தொடங்கி, தான் படித்த கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியை ஆனார், திருப்பூணித்துறை ஆர். எல். வி. கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 2006-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி செய்தார். அந்த மேடையில் நவராத்திரிக்குப் பாடிய முதல் பெண் அவரே. 2017-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2021-இல் மறைந்தார். தியாகராஜ சுவாமிகளிலிருந்து நான் எண்ணிக் காட்டிய பரம்பரையில் ஏழாவது தலைமுறை நம் தெருக்களில் நடமாடிய இந்த அம்மையார்தான்.

எல்லாருக்கும் படிப்பு எளிதாக முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யேசுதாஸ் திருப்பூணித்துறையில் முடித்துவிட்டு இங்கே செம்மங்குடியிடம் கற்க வந்தார். கையில் பணம் இல்லாமல் பாதியில் நின்றார். திறமை இருந்தும் வசதியின்றி நிற்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கலாம். நம் சங்கம் ஆண்டுதோறும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் இசைப் படிப்புச் செலவை ஏற்றால் என்ன? இதைச் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

முதலில், கல்லூரியின் பெயரைத் தேடுமுன் ஆசிரியரைத் தேடுங்கள். பிள்ளை தவறாக வைத்த ஒரு விரலைக் கண்டு, நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். தேர்வுக்கு வேண்டிய மூன்று பாடங்களை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போட வைப்பவரிடம் சான்றிதழ் கிடைக்கும், சங்கீதம் கிடைக்காது.

இரண்டாவது, கருவி. மேல்நாட்டு பியானோவில் 88 கட்டைகள். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். ஒரு சரக்கு வண்டியின் ஓர் அச்சு தண்டவாளத்தின் மேல் இறக்கும் பாரம் அது. அதனால்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மரப்பலகை உப்பிச் சுருங்கும், சுருதி விலகும், அடிக்கடி ஆள் வைத்துச் சேர்க்க வேண்டும். எல்லாராலும் இது முடியாது. முடியாதவர்கள் பியானோ போலவே கனமாக அழுந்தும் 88 கட்டைகள் கொண்ட மின் கருவியையாவது வாங்க வேண்டும். 61 கட்டை உள்ள, இலேசாக அழுந்தும் விளையாட்டுக் கீபோர்டில் பழகிய விரல் நிஜ பியானோவின் முன் திகைத்துப் போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். எட்டாம் வகுப்பு வந்ததும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று பாட்டு வகுப்பை நிறுத்திவிடுகிறோம். கையும் காதும் முற்றி உறுதிப்படும் பருவம் அதுதான். பதினெட்டில் மறுபடி தொடங்கலாம் என்றால் அந்த நாலைந்து ஆண்டுகள் திரும்பி வரமாட்டா. எல்லாப் பிள்ளைகளும் வித்வான் ஆக வேண்டியதில்லை. கன்சர்வேட்டரி முடித்தவர்களிலும் மேடையை நம்பி வாழ்பவர்கள் சிலரே, ஆசிரியர்களாக வாழ்பவர்களே பலர். அதில் குறைவொன்றும் இல்லை. செர்னியும் பொன்னம்மாளும் ஆசிரியர்கள்தாம். ஆனால் பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே நாமாகக் கதவைச் சாத்துவது நியாயமில்லை. தினம் ஒரு மணி நேரம் பாட்டுக்கு ஒதுக்கினால் பொறியியல் கல்லூரி இடம் பறிபோய்விடாது.

கடைசியாக ஒன்று. பியானோ கற்கும் பிள்ளையையும் நம் சங்கீதம் கேட்க அழைத்துப் போங்கள். நவராத்திரியின் ஒன்பது நாளும் கோட்டைக்குள் கச்சேரி. ஜனவரியில் குதிரமாளிகையில் சுவாதி சங்கீத உற்சவம். பாபநாசம் சிவன் சிறுவனாக இந்த ஊரில்தான் வளர்ந்தார். நீலகண்ட சிவனின் பஜனைகளைக் கேட்டுத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. எந்த வாத்தியமானாலும் முதல் பாடம் காதுக்குத்தான். அந்தப் பாடத்துக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை; வீட்டிலிருந்து கோட்டை வாசல் வரை பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தால் போதும்.